தீவைக் காக்கும் பெண்களிடம் நாம் கற்க வேண்டிய பாடம்



இந்த இதழ் பாடம் தன்னார்வத் தொண்டு பற்றியது. கூலி இல்லாமல் ஒரு பொது இடத்தைப் பராமரிக்க நாம் ஏன் நேரம் கொடுக்க வேண்டும், கொடுப்பதென்றால் எப்படிக் கொடுக்க வேண்டும் என்று பார்க்கப் போகிறோம். சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், பதிவேடு என்று நிறையப் பாடம் படித்துவிட்டோம். இது கொஞ்சம் வேறு மாதிரி. உதாரணத்துக்கு எடுத்திருப்பது கடலுக்கு நடுவே இருக்கிற ஆளில்லாத தீவுகளை. "ஊத்துக்குளிக்கும் கடலுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். பாடம் முடியும்போது நம்ம ஊருக்கே வந்து சேருவோம்.

ஊக்குநரோ, நன்றாகப் படிக்கத் தெரிந்த உறுப்பினரோ கூட்டத்தில் சத்தமாகப் படியுங்கள். மற்றவர்கள் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். ஒரே கூட்டத்தில் முடிக்க வேண்டியதில்லை. இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. அந்தத் தீவுகள் எங்கே இருக்கின்றன?

நம்மில் பலர் ராமேஸ்வரம் போயிருப்போம். மண்டபத்திலிருந்து பாம்பன் பாலத்தில் போகும்போது வலது பக்கம் தெரிகிற கடல்தான் மன்னார் வளைகுடா. அந்தக் கடலில் ராமேஸ்வரம் பக்கமிருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 சின்னத் தீவுகள் வரிசையாக இருக்கின்றன. மண்டபம் பக்கம் 7, கீழக்கரை பக்கம் 7, வேம்பார் பக்கம் 3, தூத்துக்குடி பக்கம் 4. குருசடை, முயல் தீவு, மனோலி, நல்லதண்ணித் தீவு, காரைச்சல்லி, வான் தீவு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு.

இவை பழைய வரலாறு உள்ள இடங்கள். இந்தக் கடலில் முத்துக் குளித்த கதை சங்க காலம் வரை போகிறது. சுவாமி விவேகானந்தர் வெளிநாட்டுப் பயணம் முடிந்து 1897 ஜனவரி 26 அன்று வந்து இறங்கியது பாம்பன் அருகே உள்ள குந்துகால் கரையில். அந்தக் கரையில் நின்றால் எதிரே தெரிவது குருசடைத் தீவு. சின்னத் தீவுதான். ஆனாலும் அதைச் சுற்றி வாழும் கடல் உயிர்களைப் பற்றி 1927-லேயே சென்னை அருங்காட்சியகம் தனி நூல் வெளியிட்டிருக்கிறது. அவ்வளவு வகை உயிர்கள் அங்கே இருந்தன.

தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. பவளம் பார்க்கக் கல் மாதிரி இருக்கும். உண்மையில் கோடிக்கணக்கான சின்னச் சின்ன உயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு அது. மீன் குஞ்சு பொரித்து வளர்வது அங்கேதான். பெரிய அலை வந்தால் முதல் அடியை வாங்கிக்கொள்வதும் அந்தப் பவளம்தான். பக்கத்திலேயே கடல்புல் மேடு இருக்கிறது. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடல்பசு அந்தப் புல்லைத் தின்று வாழ்கிறது.

1986-ல் இந்த 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆனது.

2. இரண்டு தீவுகள் எப்படிக் காணாமல் போயின?

21 தீவுகளில் இரண்டு இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. ஒன்று கீழக்கரை பக்கம் இருந்த பூவரசன்பட்டி. இன்னொன்று தூத்துக்குடி பக்கம் இருந்த விலாங்குசல்லி.

காரணம் என்ன? பல ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்கும் கட்டட வேலைக்கும் பவளக்கல்லை வெட்டி எடுத்தார்கள். தீவைச் சுற்றியிருந்த பவளம் போனதும் அலையைத் தடுக்க ஒன்றும் இல்லை. அலை மணலை அரித்தது. அதோடு கடல் மட்டமும் உயர்ந்துகொண்டு வருகிறது. வரப்பை வெட்டிவிட்டால் தோட்டத்து மண் மழையில் கரைந்து போவதை நாம் பார்த்திருக்கிறோம். தீவுக்கும் அதே கதைதான். 2001-ல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதற்குள் இழப்பு நடந்துவிட்டது.

தூத்துக்குடி பக்கம் உள்ள வான் தீவு 1986-ல் சுமார் 16 ஹெக்டேர் இருந்தது. 2014-ல் சுமார் 2 ஹெக்டேர்தான் மிச்சம். அதற்குப் பிறகு கான்கிரீட்டில் செய்த செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கி, அலையின் வேகத்தைக் குறைத்து அந்தத் தீவைக் காப்பாற்றும் வேலை நடந்தது. பவளம் சும்மா செய்துகொண்டிருந்த வேலையை இப்போது லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் செலவு செய்து நாம் செய்ய வேண்டியிருக்கிறது.

3. பாசி எடுக்கும் பெண்கள்

இந்தத் தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இது பெண்களின் தொழில். விடியும் முன்பே படகில் ஏறிப் போவார்கள். சேலைக்கு மேல் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் துணிச் சுற்று, இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கிக்கொண்டு முங்கி, பாறையில் இருக்கும் பாசியைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள். கல் கிழிக்கும். முள் குத்தும். நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் கிடக்க வேண்டும்.

மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரைப் பாசி என்று வகைகள் உண்டு. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் எடுக்கிறார்கள். ஜெல்லி, ஐஸ்கிரீம் போன்றவற்றுக்கு அது போகிறது. கட்டக்கோரை வகையிலிருந்து ஆல்ஜினேட் என்ற பசை கிடைக்கிறது. பருத்தித் துணியில் சாயம் அச்சடிக்கும்போது கலர் பரவாமல் ஒரே இடத்தில் நிற்க இந்தப் பசையைச் சாயத்தோடு சேர்க்கிறார்கள். துணித் தொழிலில் இருக்கும் நமக்கும் கடலில் முங்கும் அந்த அக்காமார்களுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது.

தேசியப் பூங்கா அறிவித்தது 1986-ல். ஆனால் 2000-க்குப் பிறகுதான் கெடுபிடி அதிகமானது. தீவுப் பக்கம் போகக் கூடாது, பாசி எடுக்கக் கூடாது என்று சொன்னார்கள். பாசி எடுக்கும் பெண் ஒரே நாளில் குற்றவாளி மாதிரி ஆகிவிட்டாள். அவள் தன் பக்க நியாயத்தைச் சொல்ல ஒரு மேடையும் அப்போது இல்லை.

யோசித்துப் பாருங்கள். பவளத்தை லாரி லாரியாக வெட்டி எடுத்து லாபம் பார்த்தது இந்தப் பெண்கள் இல்லை. ஆனால் தடை என்று வந்ததும் முதலில் அடுப்பு அணைந்தது இவர்கள் வீட்டில்.

4. தடையை எதிர்த்தவர்கள் தங்களுக்கே விதி போட்டார்கள்

இந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. கிராமம் கிராமமாகச் சங்கம் சேர்ந்தார்கள். பல கிராமங்கள் சேர்ந்து, நம்மைப் போலவே ஒரு கூட்டமைப்பு அமைத்தார்கள். "எங்களுக்குத் தொழில் வேண்டும்" என்று கேட்டதோடு நிற்காமல், தீவும் பவளமும் கெடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று உட்கார்ந்து பேசினார்கள். கடலுக்குள் போய் வருகிறவர்கள் அவர்கள்தான். எது கெடுகிறது, எது வளர்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அப்படிப் பேசி எடுத்த முடிவுகள் இவை:

• மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது. அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள்.
• மீன் இனப்பெருக்கம் செய்யும் கோடைக் காலத்தில் 45 நாள் கடலுக்குப் போகாமல் இருப்பது.
• இரும்புச் சுரண்டியை விட்டுவிட்டுக் கையால் பறிப்பது. சுரண்டினால் பாசி வேரோடு போகும், பவளமும் உடையும்.

இதை எந்த அதிகாரியும் எழுதிக் கொடுக்கவில்லை. மாதத்தில் 12 நாள் என்றால் மீதி 18 நாள் அந்த வருமானம் இல்லை என்று அர்த்தம். தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள். பாசிக்கு வளர அவகாசம் கிடைத்தால்தான் அடுத்த முறையும் பறிக்க முடியும் என்பது அவர்கள் கணக்கு.

பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி இந்தப் பெண்களின் தலைவியாக இருந்தவர். அவரும் கடலில் முங்கிப் பாசி எடுப்பவர்தான். உலகத்தில் உள்ள தீவுகளைக் காக்கப் பாடுபடுகிறவர்களுக்கு அமெரிக்காவில் உள்ள சீகாலஜி என்ற அமைப்பு ஆண்டுதோறும் ஒரு விருது கொடுக்கிறது. 2015-ல் அந்த விருதும் 10,000 டாலர் பரிசும் அவருக்குக் கிடைத்தன. அமெரிக்காவுக்கே போய் வாங்கி வந்தார். விருது ஒருவர் கையில் கொடுக்கப்பட்டது. ஆனால் 12 நாள் விதியைக் கடைப்பிடித்த எல்லாப் பெண்களுக்கும் அதில் பங்கு உண்டு.

நம்ம குழுவிலும் இதே முறைதானே இருக்கிறது? வாரா வாரம் கூட்டம், வராவிட்டால் அபராதம், பழைய கடன் முடியாமல் புதுக் கடன் இல்லை. இதெல்லாம் நாமே உட்கார்ந்து பேசித் தீர்மானம் எழுதிய விதிகள். அதனால்தான் மதிக்கிறோம். வெளியாள் வந்து போட்டிருந்தால் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

5. ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது

ராமநாதபுரம் மாவட்டத்தில் 2000-களில் இன்னொரு தொழில் வந்தது. மூங்கில் மிதவை கட்டி, வெளிநாட்டு வகைப் பாசியைக் கடலில் வளர்ப்பது. மகளிர் குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைத்தது. 45 நாளில் அறுவடை. பல குடும்பங்களுக்கு நல்ல வருமானம்.

ஆனால் 2008-ல் ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைப் பதிவு செய்தார்கள். அந்த வெளிநாட்டுப் பாசி குருசடைத் தீவின் பவளத்தின் மேல் படர்ந்து கிடந்தது. பாசி மூடினால் பவளத்துக்கு வெளிச்சம் கிடைக்காது, செத்துவிடும். கையால் பிடுங்கி எடுக்க வேண்டியதாயிற்று. சின்னத் துண்டு மிஞ்சினாலும் திரும்பவும் தழைத்துவிடும். நம்ம காட்டில் கோரைக்கிழங்கை ஒழிப்பது மாதிரியான வேலை.

தொழில் செய்த பெண்கள் மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. வருமானத் திட்டம் தேர்வு செய்யும்போது முதலீடு எவ்வளவு, லாபம் எவ்வளவு, சந்தை எங்கே என்று மூன்று கேள்வி கேட்கப் பயிற்சியில் சொல்லித் தருகிறோம். நாலாவதாக ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள். "இதன் கழிவும் மிச்சமும் எங்கே போகும்?"

6. உலகத்தில் மற்ற தீவுகளில்

ஸ்காட்லாந்து நாட்டுக்கு மேற்கே நடுக்கடலில் செயின்ட் கில்டா என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கள் வாழ்ந்த இடம். கடைசியாக இருந்த 36 பேரும் பிழைக்க வழியில்லாமல் 1930 ஆகஸ்ட் 29 அன்று ஊரைக் காலி செய்துகொண்டு கப்பலேறினார்கள். கல் வீடுகள் மட்டும் நின்றன. 1958 முதல் கோடைக்காலத்தில் தன்னார்வத் தொண்டர்கள் அங்கே போய்த் தங்கி, இடிந்த சுவரை அடுக்கி, கூரையைச் சரிசெய்து வருகிறார்கள். போகும் செலவை அவர்களே போட்டுக்கொள்கிறார்கள்.

நியூசிலாந்தில் திரிதிரி மாதங்கி என்ற தீவு. நூறு வருடத்துக்கு மேல் ஆடு மாடு மேய்த்து மொட்டையாகிப் போன தீவு அது. 1984 முதல் 1994 வரை சாதாரண ஜனங்கள் படகில் போய் இரண்டரை லட்சத்துக்கும் மேல் மரக்கன்று நட்டார்கள். இன்றைக்கு அழிந்துபோகும் நிலையில் இருந்த பறவைகள் அங்கே வாழ்கின்றன. அந்தத் தீவுக்குப் போகிறவர்கள் செருப்பைத் துடைத்து, பையைச் சோதித்த பிறகே போக வேண்டும். ஒரு எலியோ, எறும்போ, களை விதையோ கூட வந்துவிடக் கூடாது என்பதற்காக.

இந்த இரண்டு இடத்திலும் தொண்டு செய்தவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள், லீவு எடுக்க வசதி உள்ளவர்கள். மன்னார் வளைகுடாப் பெண்களோ அந்தக் கடலை நம்பிச் சாப்பிடுகிறவர்கள். அதனால் அவர்கள் கொடுத்தது கூடுதல் என்று சொல்ல வேண்டும்.

நம்ம நாட்டிலும் இது புதுசு இல்லை. ஏரி, குளம், வாய்க்காலை அந்தத் தண்ணீரில் பாசனம் செய்கிற ஊர்க்காரர்களே வீட்டுக்கு ஒரு ஆள் வந்து தூர் வாரிய வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். 2017-ல் தமிழக அரசு இதே பெயரில் திட்டமும் கொண்டு வந்தது.

7. "எங்களுக்கு ஏதுங்க நேரம்?"

இதைப் பற்றி குழுக்களில் பேசும்போது வருகிற கேள்வி இது. ஒரு அக்கா நேராகவே கேட்டார். "நாலு மணிக்கு எந்திரிச்சு சமையல், எட்டரைக்குக் கம்பெனி. ஆர்டர் இருந்தா ஒன்றரை ஷிப்ட். வீட்டுக்கு வந்தா மறுபடியும் பாத்திரம், துணி. ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் தலைக்குத் தண்ணி ஊத்தறேன். அதையும் தொண்டுக்குக் குடுக்கோணுமா? ஊருக்கு நல்லதுன்னா பொம்பளைங்கதான் வரோணுமா? டீக்கடையில உக்காந்திருக்கற ஆம்பளைங்களைக் கூப்பிட மாட்டீங்களா?"

நியாயமான கேள்வி. பதிலைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பெண்கள் ஏற்கனவே வீட்டில் கூலி இல்லாத வேலையைத்தான் பாதி நாள் செய்கிறார்கள். தொண்டு என்ற பெயரில் இன்னொரு கூலி இல்லாத வேலையை அவர்கள் தலையில் ஏற்றுவது சரியில்லை. அதிகாரி வருகிறார், போட்டோ எடுக்கிறார்கள், கூட்டம் காட்ட வேண்டும் என்றால் குழுக்களைக் கூப்பிடுவது தொண்டு ஆகாது. அப்படிக் கூப்பிட்டால் "எங்களுக்கு இதில் என்ன முடிவெடுக்கும் உரிமை இருக்கிறது?" என்று கேளுங்கள். சம்பளத்துக்குச் செய்ய வேண்டிய துப்புரவு வேலையை இலவசமாகச் செய்யச் சொன்னாலும் கேளுங்கள். அந்த வேலையை நம்பி ஒரு குடும்பம் இருக்கும்.

அப்படியானால் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடலாமா? அதற்கும் நம்ம மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது.

நொய்யல் கதை எல்லோருக்கும் தெரியும். சாயக்கழிவு ஆற்றில் கலந்தது. 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குப் பதிலாகச் சாயத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் இடமாகிப் போனது. கிணறு கெட்டது, தென்னை காய்ந்தது. யாரும் தாங்களாக எல்லை போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. விவசாயிகள் பக்கம் பார்த்தால் அந்த உத்தரவு நியாயமானது. ஆனால் அந்த மாதங்களில் வேலை குறைந்து முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டது யார்? கைமடி, செக்கிங், பேக்கிங்கில் இருந்த நம்ம மாதிரிப் பெண்கள். கழிவை விட்டது நாம் இல்லை. சம்பளம் இழந்தது நாம்.

மன்னார் வளைகுடாவில் பாசி எடுத்த பெண்களுக்கு நடந்ததும் இதேதான். இந்தப் பாடத்தில் மனதில் வைக்க வேண்டியது இது. ஒரு இடத்தை நம்பிப் பிழைக்கிறவர்கள் நேரத்தோடு தாங்களே ஒரு எல்லை போட்டுக்கொண்டால், அந்த எல்லை எவ்வளவு, எப்போது, எப்படி என்று சொல்லும் உரிமை அவர்களிடம் இருக்கும். விட்டுவிட்டால் ஒரு நாள் மேலே இருந்து முழுத் தடையாக வரும். அப்போது ஏழை வீட்டைத்தான் முதலில் தாக்கும்.

8. நம்ம ஊர்த் தீவு

நமக்குக் கடல் இல்லை. ஆனால் நம்ம ஊத்துக்குளி வட்டத்தில், சர்க்கார் பெரியபாளையம் பக்கம் நஞ்சராயன் குளம் இருக்கிறது. சுற்றிலும் ரோடு, கம்பெனி, வீட்டு மனை. நடுவில் தண்ணீரும் பறவையும். வரண்ட பூமிக்கு நடுவில் அதுவும் ஒரு தீவு மாதிரிதான்.

பல நூறு ஆண்டுகளுக்கு முன் நஞ்சராயன் என்ற அரசர் சீரமைத்ததால் இந்தப் பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். பரப்பு சுமார் 126 ஹெக்டேர், அதாவது 310 ஏக்கருக்கும் மேல். 191 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. குளிர்காலத்தில் வெளிநாட்டிலிருந்தும் பறவைகள் வருகின்றன. 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ராம்சர் என்பது உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியல். நம்ம பஸ் ரூட்டில் இருக்கிற குளத்துக்கு உலகப் பட்டியலில் இடம் கிடைத்திருக்கிறது.

குளத்தில் தண்ணீர் நின்றால் சுற்றுவட்டாரக் கிணற்றிலும் போரிலும் தண்ணீர் ஊறும். தண்ணீர் இருந்தால் தீவனம், தீவனம் இருந்தால் பால். ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பேர் வந்தது மாட்டை வைத்து. பறவைக்காக மட்டும் இதைப் பேசவில்லை.

9. என்ன செய்யலாம், எப்படிச் செய்யலாம்?

முதல் படி: நம்ம கையிலிருந்து போவதை நிறுத்துவது. பாசிப் பெண்கள் முதலில் செய்தது கடலைக் கூட்டிப் பெருக்கியது இல்லை, இரும்புச் சுரண்டியைக் கீழே போட்டது. நம்ம சுரண்டி எது என்று குழுவில் பேசுங்கள். வீட்டில் பீஸ் வேலை செய்கிறவர்கள் பனியன் வேஸ்டை ஓடையில் கொட்டாமல் மூட்டை கட்டி வேஸ்ட் வியாபாரிக்குப் போடலாம். குப்பையைப் பிளாஸ்டிக் பையோடு வாய்க்காலில் எறிவதை நிறுத்தலாம். இதற்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், காசும் வேண்டாம்.

இரண்டாவது படி: முறை வைத்துப் போவது. 12 பேர் உள்ள குழுவிலிருந்து மாதம் 2 பேர் போனால் ஒரு ஆளுக்கு வருடத்தில் 2 முறைதான் வரும். ஒரு முறைக்கு 2 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 4 மணி நேரம். 20 குழு சேர்ந்தால் மாதம் 40 பேர். யாருக்கும் பாரம் இல்லை, வேலையும் நிற்காது. கைக்குழந்தைக்காரர், உடம்பு முடியாதவர், வயதானவர் இவர்களுக்கு முறை போட வேண்டாம்.

மூன்றாவது படி: அனுமதி. குளம் இப்போது சரணாலயம். நாமாக இறங்கி எதையும் வெட்டவோ, பிடுங்கவோ கூடாது. கூட்டமைப்பு லெட்டர்பேடில் வனத்துறைக்கு மனு எழுதி, எந்த நாள், எந்தப் பகுதி, என்ன வேலை என்று கேட்டு வாங்கிய பிறகே போக வேண்டும். பறவை கூடு கட்டியிருக்கும் மரத்துப் பக்கம் போகக் கூடாது. செடி கொடி என்று நாம் நினைப்பது பறவைக்கு மறைவிடமாக இருக்கும்.

நான்காவது படி: பாதுகாப்பு. கையுறை, செருப்பு, குடிதண்ணீர் இல்லாமல் யாரும் போக வேண்டாம். உடைந்த பாட்டில், ஊசி இருக்கும். தண்ணீரில் இறங்கக் கூடாது. வெயிலுக்கு முன் காலை நேரமே நல்லது.

ஐந்தாவது படி: வீட்டு ஆண்களையும் சேர்ப்பது. நம்ம முறை வரும் நாளில் காலைச் சமையலை வீட்டுக்காரரோ, வளர்ந்த பையனோ பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் குளத்துக்கு வரட்டும். இதைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

ஆறாவது படி: கணக்கு. யார் போனார்கள், எத்தனை மணி நேரம், எத்தனை மூட்டை எடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். குளத்தைப் பற்றி நாளை அதிகாரிகள் கூட்டம் போட்டால், "நாங்கள் இத்தனை மணி நேரம் உழைத்திருக்கிறோம், எங்களையும் கேட்டு முடிவெடுங்கள்" என்று சொல்ல அந்த நோட்டுதான் சாட்சி.

மாதிரித் தீர்மானம்

"எங்கள் குழு உறுப்பினர்கள் வீட்டுக் குப்பையையும் பனியன் வேஸ்டையும் ஓடையிலும் வாய்க்காலிலும் போடுவதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானிக்கிறோம். வனத்துறை அனுமதி கிடைத்த பிறகு மாதம் 2 உறுப்பினர்கள் முறை வைத்து 2 மணி நேரம் குளப் பராமரிப்புக்குச் செல்வது என்றும், இயலாதவர்களுக்கு விலக்கு உண்டு என்றும், அதற்காக யாருக்கும் அபராதம் இல்லை என்றும் தீர்மானிக்கிறோம்."

இது மாதிரிதான். உங்கள் குழுவுக்குத் தகுந்தபடி மாற்றி எழுதுங்கள். வேண்டாம் என்று முடிவு செய்தாலும் பரவாயில்லை. பேசி முடிவு செய்தோம் என்று பதிவேட்டில் எழுதுங்கள்.

கூட்டத்தில் விவாதிக்கக் கேள்விகள்

1. இரண்டு தீவுகள் கடலில் மூழ்கக் காரணம் என்ன? நம்ம ஊரில் அதேபோல் கண் முன்னால் குறைந்துகொண்டு வரும் இடம் எது?
2. மாதம் 12 நாள் என்று விதி போட்டதால் பாசி எடுக்கும் பெண்கள் இழந்தது என்ன? பெற்றது என்ன?
3. நம்ம தொழிலில் "இரும்புச் சுரண்டி" மாதிரி விட வேண்டிய பழக்கம் எது?
4. தொண்டு என்று கூப்பிட்டு நம்மை வெறும் கூட்டம் காட்டப் பயன்படுத்திய அனுபவம் உண்டா? அடுத்த முறை என்ன கேட்போம்?
5. நம்ம முறை வரும் நாளில் வீட்டு வேலையை யார் பார்ப்பார்கள்?

குழுக்களில் பேசி எடுத்த முடிவை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதி எழுதிக்கொண்டு வரவும். எத்தனை குழு சேருகிறது என்று பார்த்துத்தான் மனு எழுத முடியும். மனுவை நாமே சேர்ந்து எழுதுவோம். எழுதத் தெரிந்த உறுப்பினர்கள் அரை மணி நேரம் முன்னதாக வாருங்கள்.

அன்புடன்,
களப்பணி ஒருங்கிணைப்பாளர்